லோயர் கேம்ப் ஏற்றமும் சூசையின் வண்டியும்

எங்கள் மெக்கானிக் சங்கம் இந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஒரு மலர் போடுகிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்கள் ஆளுக்கொரு கட்டுரை கொடுக்க வேண்டும் என்று செயலாளர் வீடு தேடி வந்தார். "உங்க சாதனை ஒண்ண எழுதுங்கண்ணே, பயலுகளுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். அவர் போன பிறகு என் மனைவியிடம், "நான் என்னத்தச் சாதிச்சேன்?" என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலேயே, "வேலைய விட்டதுதான்" என்றாள். அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் வண்டிகள் நன்றாக ஓடுகின்றன என்பது அவள் கட்சி.

ஆகவே சாதனையை விட்டுவிட்டு ரேடியேட்டர் ஃபேனைப் பற்றி எழுதுகிறேன். இப்போதெல்லாம் வண்டியில் ஒரு கருவியைச் சொருகினால் ஃபேனில் கோளாறா, சுவிட்சில் கோளாறா என்று திரையில் எழுத்தாகவே வந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவன் மெக்கானிக். வண்டி சூடாகிறது, ஃபேன் கோளாறு என்றால் "காசிகிட்டக் கொண்டு போ" என்று தேனியிலிருந்து கம்பம் வரை சொல்லும் அளவுக்கு எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் வந்த விதத்தையும் போன விதத்தையும் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் திரும்பத் திரும்பத் தோற்றுவிட்டு, சின்னமனூர் தாண்டி மெயின் ரோட்டோரம் இருந்த ஒரு ஒர்க் ஷாப்பில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் நட்டு போல்ட்டுகளை டீசலில் கழுவியதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அப்போது நான் ஒல்லி. ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள இடுக்கில் மற்றவர்கள் கை போகாது, என் கை போகும். அந்த ஒரே தகுதியில் ஃபேன் வேலை எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சூடு இறங்கும் வரை ஃபேன் சுற்றும் என்பதை, என் நடுவிரல் நகம் பறந்த அன்று கற்றுக்கொண்டேன். படிப்பு அத்தோடு முடிந்தது.

பெயர் வந்தது கடமலைக்குண்டு விவசாயி ஒருவரால். அவருடைய பழைய டீசல் காரில் ஃபேன் மோட்டார் கருகியிருந்தது. மோட்டார் காயிலைப் புதுக் கம்பியில் சுற்றி வாங்கி மாட்டிக் கொடுத்தேன். நாலைந்து நாளில் திரும்பி வந்தார்.

"தம்பி, ஃபேன் நல்லாத்தான் ஓடுது. ஆனா வண்டி முன்னால நின்னா அடுப்புக்கிட்ட நிக்கிற மாதிரி இருக்கு. வாசல்ல வந்து நிப்பாட்டுனா எங்க ஆடு ரெண்டும் ஓடியாந்து வண்டி மூஞ்சியில ஒட்டிக்கிட்டு நிக்கிதுக" என்றார்.

அது மார்கழி மாதம். ஆடுகளைக் குறை சொல்ல முடியாது. நான் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி மாட்டியிருந்தேன். ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றி, காற்றை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக இன்ஜின் சூட்டையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஒயரை மாற்றி மாட்டக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது. அவருக்கு ஒரே ஆச்சரியம். "சொன்ன மாத்திரத்துல கண்டுபிடிச்சுட்டாப்ல" என்று வருசநாடு முழுவதும் என் புகழைப் பரப்பினார். கெடுத்தவனும் நானே என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் ஃபோர்மேன் தங்கவேலு அண்ணனுக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் எங்களைத் திட்டியதே கிடையாது. கோபம் வந்தால் வண்டியிடம் பேசுவார். பானட்டில் கையை வைத்துக்கொண்டு, நாங்கள் பக்கத்தில் நிற்கும்போதே, "ஏம்ப்பா, இவன் உன்னயப் பாத்தானா? காது குடுத்துக் கேட்டானா? தொட்டானா? ஒண்ணும் செய்யாமத்தான் கழட்டுனானா?" என்று விசாரிப்பார். வண்டி பதில் சொல்வதற்கு இடமும் விடுவார். அந்த மௌனம் இருக்கிறதே, அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம். பிறகு "சரி, பொறுத்துக்கிரு" என்று வண்டிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

ஃபேன் வேலைக்கு அவர் வைத்திருந்த முறை இது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்க வேண்டும். சூட்டில் திறக்கவே கூடாது. மூடிவிட்டு இன்ஜினை நின்ற இடத்திலேயே ஐட்லிங்கில் ஓடவிட வேண்டும். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு வந்தால் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். சூட்டு முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் தானாகப் பிடிக்க வேண்டும். பிடித்ததா என்பதற்கு ஒரு காகிதத் துண்டை முன்புறக் கிரில்லில் காட்டுவோம். ஃபேன் காற்றை இழுத்தால் காகிதம் போய் அப்பிக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் சுவிட்ச் ஒயரைக் கழற்றி இரண்டு முனையையும் சேர்த்துப் பார்ப்பது, ஃபியூஸ், ரிலே, எர்த் என்று வரிசையாகப் போவது, கடைசியில் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பது. வரிசையை மாற்றக் கூடாது. காகிதம் அப்பிக்கொண்டுவிட்டால் ஃபேனில் குறையில்லை, அதற்கு மேல் அங்கே கையை வைக்க வேண்டாம் என்பது சட்டம்.

அவர் வைத்த இன்னொரு சட்டமும் உண்டு. எங்கள் ஒர்க் ஷாப்புக்கு மேற்கே மறைப்பு கிடையாது. ஆனி பிறந்தால் கணவாய் வழியாக வருகிற காற்று தகரக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பழமொழி இல்லை, எச்சரிக்கை. ஒருமுறை காற்றுக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு வண்டியின் பானட், கம்பி நழுவித் தங்கவேலு அண்ணன் பிடரியிலேயே விழுந்தது. அதிலிருந்து, காற்றுக் காலத்தில் வரும் எந்த வண்டியும் மூக்கை மேற்கே நீட்டித்தான் நிற்க வேண்டும். அப்போது காற்றே பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் பல ஒர்க் ஷாப்புகளில் அப்போது இப்படித்தான்.

அப்படிப்பட்ட ஒரு ஆடி மாதத்தில்தான் ராயப்பன்பட்டி சூசை தன் வண்டியைக் கொண்டுவந்தார். பழைய டீசல் கார், வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் குடும்பம் நடந்தது. தேனி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஜெபராஜ் ஐயா வாரா வாரம் குமுளிக்குக் காய் பார்க்கப் போவார். மற்ற வியாபாரிகளுக்கு முன்னால் போனால்தான் நல்ல காய் கிடைக்கும் என்பதால் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவார். அந்த வாடகைதான் சூசைக்கு நிரந்தரம். மற்றதெல்லாம் வந்தால் உண்டு.

"காசி, கூடலூரு வரைக்கும் பச்சப்புள்ள மாதிரி வருது. லோயர் கேம்ப்ல ஏத்தம் ஆரம்பிச்சு ரெண்டு வளைவு திரும்புனா முள்ளு மேல போயிருது, கொதிக்கிது. ஐயா கையில கட்டுன வாட்சையே பாத்துக்கிட்டு நின்னாக. ஒண்ணும் சொல்லல. அதுதான் பயமா இருக்கு" என்றார்.

"வண்டி நின்னப்ப ஃபேன் ஓடுச்சாண்ணே?"

"கொதிச்ச ஒடனே சாவிய அணைச்சுட்டுத்தானப்பா எறங்குவேன். அப்பறம் எங்கன ஓடும்?"

வண்டியை மூக்கு மேற்கே வைத்து நிறுத்தி, பானட்டைத் திறந்து கயிற்றைக் கட்டினேன். இன்ஜினை ஓடவிட்டு நடந்து முன்னால் வந்தால் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. காகிதத்தைக் காட்டினேன், என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அப்பியது. ஃபேனில் குறையில்லை என்று அறிவித்தேன். ரேடியேட்டர் அடைப்பாகத்தான் இருக்கும் என்று அதைக் கழற்றி அலசி மாட்டினேன். மறு வாரம் அதே வளைவில் வண்டி கொதித்தது.

இரண்டாவது முறை வந்தபோது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். சாவியை எடுத்து வெகு நேரமாகியும் ஃபேன் நிற்கவில்லை. சூடு இறங்கும் வரை சுற்றுவது சரி. இன்ஜின் கை வைக்கிற அளவுக்கு ஆறிய பிறகுமா சுற்றும்? ஃபேனுக்குக் கரண்டைத் திறந்து மூடும் ரிலே ஒட்டிக்கொண்டது என்று முடிவு கட்டினேன். நிற்காமல் ஓடி ஓடி மோட்டார் களைத்துப்போய், மலையில் தேவைப்படும்போது படுத்துக்கொள்கிறது என்று சூசைக்கு ஒரு விளக்கமும் கொடுத்தேன். அவர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். ரிலேயை மாற்றி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஃபேன் மெல்ல மெல்ல நின்றது. "பாத்தீகளாண்ணே!" என்றேன். பொழுது சாய்ந்தால் எங்கள் பக்கம் காற்றும் அடங்கும் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்து என்ன செய்ய?

மறு வாரமும் கொதித்தது. அதன் பிறகு நான் கழற்றியதைக் கேட்டால் சிரிப்பீர்கள். தெர்மோஸ்டாட் வால்வு, வாட்டர் பம்ப், ஹோஸ்கள், கடைசியில் இன்ஜின் ஹெட்டையே இறக்கி கேஸ்கட். அந்த வண்டியில் ஃபேனைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினேன். காகிதம்தான் அப்பிக்கொள்கிறதே! தங்கவேலு அண்ணன் வந்து பார்த்தார், கேட்டார், தொட்டார். அவருக்கும் பிடிபடவில்லை. வண்டியிடம் கூட ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

சூசை ஒருநாள் முகம் செத்துப்போய் வந்தார். "இந்த வாரமும் வழியில நின்னா வேற வண்டி பாத்துக்கிறேன் சூசைன்னு ஐயா சொல்லிட்டாக. கோவமாக் கூடச் சொல்லல. அவுக பொழப்பு அவுகளுக்கு. இந்த வாடகையும் போச்சுன்னா வண்டியத் தள்ளிவிட்டுட்டு புள்ளகுட்டியோட திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான் போகணும்."

புகழ் பெற்ற நிபுணன் ஒருவன் ஒரு குடும்பத்தை ஊரை விட்டே கிளப்பப் போகிறான். "இந்த வாரம் நானும் கூட வாரேண்ணே" என்றேன். வந்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

போனேன். ஜெபராஜ் ஐயா பின் சீட்டில் வெள்ளை வேட்டி சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். நான் முன்னால், மடியில் ஸ்பேனர் பையோடு. உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எல்லாம் தாண்டியும் முள் பாதிக்குக் கீழேயே கிடந்தது. எதிர்க்காற்று கண்ணாடியில் மோதிக்கொண்டே வந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "கேஸ்கட்தாங்கய்யா, இனிமே கவலையே இல்ல" என்று திரும்பிச் சொன்னேன். ஐயா வாட்சைப் பார்த்தார்.

லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. முதல் வளைவு திரும்பியதும் முள் அசைந்தது. இரண்டாவதில் சரசரவென்று ஏறியது. எனக்குத் தெரிந்த ஒரு வித்தையைச் செய்தேன். ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வண்டிக்குள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டது. ஐயா நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. மடிப்பெல்லாம் போயிற்று.

"நிப்பாட்டுங்கண்ணே. ஆனா அணைக்காதீக, ஓடட்டும்" என்றேன். இறங்கி ஓடிப்போய் பானட்டைத் தூக்கினேன்.

ஃபேன் நின்றுகொண்டிருந்தது.

இன்ஜின் ஓடுகிறது, முள் உச்சியில் இருக்கிறது, ஃபேன் மட்டும் கும்பிட்ட சாமி போல அசையாமல் நிற்கிறது. வழக்கம்போல் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். அது கையிலேயே தொங்கியது. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். மூன்று பக்கமும் மலை. ஒரு இலை கூட ஆடவில்லை. காற்று இல்லாத இடத்துக்கு வந்து நின்ற பிறகுதான், ஒர்க் ஷாப்பில் அந்த ஃபேனைச் சுற்றவைத்தது எது என்று எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக ஆடிக் காற்று சுற்றிய ஃபேனுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். அது நிற்கவில்லை என்று ரிலே வேறு மாற்றியிருக்கிறேன். மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து துணுக்காகிவிட்டது. அதனால் கரண்டும் போகவில்லை, பிடிமானமும் இல்லை. ஊதினால் சுற்றும் அளவுக்கு லேசாகிவிட்டது.

எதிரே இறங்கி வந்த கேரளா ஜீப்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "எந்து பற்றி சேட்டா?" என்று என்ன ஆச்சென மலையாளத்தில் விசாரித்தார். எனக்குத்தான் பற்றியிருந்தது. கையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டாரின் முதுகில் டொக் டொக் என்று தட்டினேன். உள்ளே பிரஷ் எங்கோ தொட்டிருக்க வேண்டும், ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. முள் இறங்கும் வரை நின்று, கிளம்பினோம். அடுத்த வளைவில் ஃபேன் மறுபடி படுத்துக்கொண்டது. இறங்கினேன், தட்டினேன், ஏறினேன். அதற்கு மேல் வண்டிக்குள் உட்காருவதே வீண் என்று ஆகிவிட்டது. சூசை நடை வேகத்தில் ஓட்ட, நான் பக்கத்திலேயே ஓடி, அவர் நிறுத்தும்போதெல்லாம் பானட்டைத் தூக்கித் தட்டினேன். கோயில் காளையை மேளம் தட்டி அழைத்துப் போகிற மாதிரி ஒரு டீசல் காரைத் தட்டித் தட்டிக் குமுளிக்கு அழைத்துப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தண்ணீர் தண்ணீராக ஊற்றியது. ரேடியேட்டருக்கு இல்லை, எனக்கு.

குமுளியில் இறங்கியதும் ஐயா வாட்சைப் பார்த்தார். மற்ற வியாபாரிகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். சூசையை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சூசை தலையை ஆட்டினார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

மறுநாள் புதுப் பிரஷ் போட்டு மாட்டினேன். நடந்ததைத் தங்கவேலு அண்ணனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வண்டி பக்கத்தில் போனார். பிறகு பானட்டில் கையை வைத்து, "மூக்க மேக்க வச்சு நிப்பாட்டச் சொன்னவன் நானு. அவன வையாத" என்றார். என் இருபத்துச் சொச்ச வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே சிபாரிசு அதுதான். அதிலிருந்து ஃபேன் பார்க்கிற வண்டியை மட்டும் கிழக்கே திருப்பி நிறுத்துவோம். பானட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கூட நிற்பார்.

சூசை வந்து வண்டியை எடுக்கும்போது தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். வாடகை போகவில்லை. ஐயா சொன்னது வேறு: "வண்டிய மாத்த வேணாம் சூசை. மெக்கானிக்க மாத்திருங்க."

"அதுக்கு நீங்க என்னண்ணே சொன்னீக?"

"மாத்திர்றேங்கய்யான்னு அப்பவே சொல்லிட்டேன்."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. "நல்ல ஆளாப் பாருங்கண்ணே. கம்பத்துல இருக்காக" என்றேன்.

"ஏலே, நீ வேற! புதுசா ஒருத்தன் வந்தா மொதல்ல இருந்து ஒண்ணொண்ணாக் கழட்டுவான். நீ எல்லாத்தையும் கழட்டிட்ட. இனிமே தப்புப் பண்ண இந்த வண்டியில என்னா மிச்சம் இருக்கு? ஐயா வரும்போது மட்டும் கண்ணுல பட்டுராத" என்றார்.

அப்படித்தான் என் தலைமறைவு வாழ்க்கை தொடங்கியது. குமுளி போகிற வழியில் எங்கள் ஒர்க் ஷாப்பில் நிறுத்தி டயருக்குக் காற்றுப் பிடிப்பது சூசையின் பழக்கம். வெள்ளைக் கார் திரும்புவது தெரிந்தால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவேன். ஒரு தடவை அவசரத்தில் ஆயில் இறக்கிக்கொண்டிருந்த ஜீப்புக்கு அடியில் போய்த் தலை குளித்தேன். ஐயா சில நாள் இறங்கிச் சற்று நடப்பார். செருப்புச் சத்தம் வந்து, நின்று, போகும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன். என் சட்டைகள் ஒன்று விடாமல் எல்லாம் முதுகில் கறுத்துப்போயின. வீட்டில் துவைப்பவள் பேசிய பேச்சை மலரில் போட முடியாது.

இப்படிச் சில வருடங்கள் ஓடின. ஒரு நாள் செருப்புச் சத்தம் வந்து நின்றது, போகவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு யாரோ சிரமப்பட்டுக் குந்துவது தெரிந்தது. வண்டிக்கு அடியில் ஜெபராஜ் ஐயாவின் முகம் தெரிந்தது.

"வெளிய வாங்க காசி. தரையெல்லாம் ஈரமாக் கெடக்கு" என்றார்.

தவழ்ந்து வெளியே வந்தேன். சூசை வானத்தில் எதையோ தேடிக்கொண்டு நின்றார்.

"ஐயாவுக்கு எப்பத் தெரியும்?" என்று ஐயாவிடமே கேட்டேன்.

"மொத வாரமே தெரியும். அடியில படுத்துக் கெடக்கிற வரைக்கும் எங்க வண்டியில கை வைக்க மாட்டீகல்லன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு என்னை எழுப்ப வலது கையை நீட்டினார். என் கை முழுக்க ஆயில். அவர் சட்டை அன்றைக்கும் வெள்ளை. நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.